பன்னிரண்டு கடிதங்களும் ஒரு புளியமரமும்

என் வாழ்க்கையில் நான் எழுதிய காதல் கடிதங்கள் மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரே பேனாவில் எழுதி முடித்தேன். காதலுக்காக இல்லை. விசாவுக்காக.

அப்போது எனக்கு வயது இருபத்தொன்பது. லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. (ஊரில் ‘டாக்டர்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.) விடுப்பில் வந்து கள்ளக்குறிச்சியில் கல்யாணம் செய்துகொண்டு, மரகதத்தோடு சரியாக இருபத்திரண்டு நாள் குடும்பம் நடத்திவிட்டு விமானம் ஏறினேன். அதிலும் ஒன்பது நாள் எனக்கு அம்மை போட்டு, வேப்பிலைமேல் படுத்திருந்தேன்.

மரகதம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் லண்டனிலிருந்தபடியே மனைவி விசாவுக்கு விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருஷம் ஓடிய பிறகு, சென்னையில் நேர்காணல் என்று கடிதம் வந்தது. அந்தத் தேதியைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

லண்டனில் என் பக்கத்து அறையில் இருந்த கோபால், தன் அண்ணனுக்கு இரண்டு முறை விசா மறுக்கப்பட்டதால் இந்த விஷயத்தில் நிபுணரானவர். அவர் என்னைக் கேட்டார். “கல்யாண போட்டோவ நம்ப மாட்டாங்க. புருஷன் பொண்டாட்டி எழுதிக்கிட்ட லெட்டர் கேப்பாங்க. அதுல பாசம் இருக்கணும். நீ என்ன எழுதுவே?”

நான் எழுதுவதைச் சொன்னேன். நலம், நலமறிய ஆவல், இங்கே மழை, மற்றவை அடுத்த கடிதத்தில். (அடுத்த கடிதத்திலும் மழைதான்.)

கோபால் தலையில் அடித்துக்கொண்டார். “இதைப் படிச்சா விசா குடுக்க மாட்டான். விவாகரத்துதான் குடுப்பான்.”

அதன் விளைவுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. பழைய தேதிகளைப் போட்டு, ‘என் தேன்குடமே’, ‘என் உயிரின் ஊதுபத்தியே’ என்று வரிசையாகத் தொடங்கினேன். ஏழாவது கடிதத்தில் கற்பனை வறண்டுவிட்டது. அதனால் மேகம் அருவியில் நாங்கள் இருவரும் கைகோத்து நனைந்த ஒரு மாலையை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்தேன். நாங்கள் அருவிக்குப் போனதே இல்லை. போயிருந்தால் அம்மைத் தழும்போடுதான் போயிருப்பேன். இந்தக் கடிதங்களைப் பற்றி மரகதத்துக்கு மூச்சுவிடவில்லை. ‘இதெல்லாம் இவர் எனக்கு எழுதினதுதான்’ என்று அவளை நேர்காணலில் தலையாட்ட வைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

நேர்காணலுக்காக நான் ஊருக்கு வந்து இறங்கிய வாரம், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. பஸ் இல்லை, லாரி இல்லை. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். அந்த நாட்களில் உயிர்கள் போயின, குடிசைகள் எரிந்தன. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வராது. நான் இங்கே சிரிப்பது, அத்தனைக்கும் நடுவே ரிப்பன் கட்டிய கடிதக் கட்டோடு புறப்பட்ட ஒரு மடையனைப் பார்த்து.

விழுப்புரத்தில் ரயில் ஓடுகிறது என்று ஒரு பேச்சு அடிபட்டது. நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்னதாக, மச்சானின் சைக்கிளில் மரகதத்தைக் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். மிதித்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தியாகதுருகம் தாண்டுவதற்குள் என் நுரையீரல் வாய் வழியாக எட்டிப் பார்த்தது.

“இறங்கி நடக்கலாங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது” என்றாள்.

“லண்டன்ல தினமும் நடப்பேன், எனக்கு ஒண்ணும் இல்ல” என்றேன். (பஸ் நிறுத்தம் வரை.)

சாலையில் குறுக்கே கிடந்த அடுத்த மரத்தில்தான் மாட்டினோம். இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர், தோளில் துண்டோடு எழுந்து வந்தார். பெயர் தண்டபாணி என்பது பிறகு தெரிந்தது.

“நிறுத்து சார். வண்டி எதுவும் போவக்கூடாது.”

“இது சைக்கிளுங்க.”

“சைக்கிளு இன்னா, வண்டி இல்லியா?”

நான் பேண்ட், ஷூ, கையில் தோல் பை. போதாக்குறைக்கு அதில் விமான நிலையத்துச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“நீ யாரு சார்? போலீஸ் ஆளா? பைல இன்னா?”

“விசா பேப்பருங்க. பொண்டாட்டிய லண்டன் கூட்டிகினு போவணும். நாளன்னிக்கி இன்டர்வியூ.” (பதற்றத்தில் எனக்கு ஊர்ப் பேச்சு தானாகத் திரும்பிவிடும்.)

“காட்டு பாக்கலாம்.”

பையைத் திறந்தேன். சனியன் பிடித்த கட்டு முதலில் வெளியே வந்து விழுந்தது. தண்டபாணி ரிப்பனை அவிழ்த்து, ஒரு தாளை எடுத்து, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி வாசிக்க ஆரம்பித்தார். நல்ல குரல் அவருக்கு. மேடையில் பழகிய குரல்.

“என் தேன்குடமே...”

இருபது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பீடியை அணைத்தார்.

“அன்று அருவியில் உன் விரல்களைப் பற்றிக்கொண்டு நனைந்தேனே, அந்த ஈரம் இன்னும் என் உள்ளங்கையில் காயவில்லை...”

“அட்ரா!” என்றார் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர்.

நான் கூச்சத்தோடு மரகதத்தின் பக்கம் திரும்பினேன். அவள் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

“எந்த அருவிங்க?” என்றாள்.

“அது வந்து...”

“நாம எந்த அருவிக்குப் போனோம்? எனக்கு இந்த மாதிரி லெட்டர் ஒண்ணுகூட வர்லியே. இது யாருக்கு எழுதினது?”

தண்டபாணி கடிதத்தை மடித்துக்கொண்டு, மிகுந்த வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். “இன்னா சார் இது. படிச்ச ஆளு நீ.”

மரகதம் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கினாள். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் போய் வழிமறித்தேன். நடுரோட்டில், இருபது சாட்சிகள் முன்னிலையில், ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். கோபால், ஞாயிற்றுக்கிழமை, பழைய தேதி, கற்பனை அருவி, எல்லாம். யாருக்கும் எழுதவில்லை, ஆபீசருக்குத்தான் எழுதினேன் என்றேன்.

“ஆபீசருக்கா தேன்குடம்?” என்றது மரத்தின்மேலிருந்து அதே குரல்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். மரகதம் சிரிக்கவில்லை. “ஆக, பொய் சொல்லி என்னைக் கூட்டிகினு போவ பாத்தீங்க. நான் வகுப்புல பசங்களுக்குக் காப்பி அடிக்காதேன்னு சொல்லிக் குடுக்கறவ.”

“காப்பி இல்ல மரகதம், எல்லாம் சொந்தமா எழுதினது.”

“அதான் இன்னும் கோவம் வருது. இவ்ளோ எழுதத் தெரிஞ்சி வெச்சிகினு, எனக்கு மழை மழைன்னே எழுதினீங்களே!”

நான் தண்டபாணியின் பக்கம் திரும்பினேன்.

பஞ்சாயத்து தண்டபாணியிடம் போனது. அவர் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்தார். “யம்மா, ஆளு கூறு இல்லாதவர்தான். ஆனா கெட்டவர் இல்ல. கெட்டவனா இருந்தா இந்த வெயில்ல உன்னிய வெச்சி மிதிச்சிகினு வருவானா? போய்ட்டு வாம்மா. உண்மையையே சொல்லு.” பிறகு என்னைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “சார், இந்த அருவி லெட்டர மட்டும் நான் வெச்சிக்கட்டா? எங்கூட்ல கோச்சிகினு அவ அம்மா வூட்டுக்குப் போயி பத்து நாளாச்சி.”

கொடுத்தேன். நான்கு பேர் எங்கள் சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிப் புளியமரத்தைத் தாண்டி வைத்தார்கள். உளுந்தூர்பேட்டை வரை மரகதம் கேரியரில் ஏறவே இல்லை. அவள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். வழியில் இன்னும் ஒன்பது மரங்கள். ஒவ்வொன்றிலும் சைக்கிளை நானே தூக்கிக்கொண்டு தாண்டினேன். மறுநாள் காலை விழுப்புரத்தில் ஒரு ரயில் கிடைத்தது.

நேர்காணல் அறையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரும், கோட்டு போட்ட மொழிபெயர்ப்பாளர் பெரியவர் ஒருவரும் இருந்தார்கள். என்னையும் உள்ளே உட்கார வைத்தார்கள். அதிகாரி, கடிதங்கள் உண்டா என்று கேட்டார். பழக்க தோஷத்தில் என் கை பைக்குள் போனது. மரகதம் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அது வேணாங்க” என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து நீல ஏர்மெயில் கடிதங்களின் கட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முப்பத்தொன்று. ஒன்றுகூடக் கிழியாமல், தேதிப்படி அடுக்கி வைத்திருந்தாள்.

அதிகாரியின் கண் என் பைமேலேயே இருந்தது. “அது என்ன?” என்றார்.

மரகதம் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரி பன்னிரண்டில் மீந்த பதினொன்றிலிருந்து ஒன்றை எடுத்து மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டினார். அந்தப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ‘என் உயிரின் ஊதுபத்தியே’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஊதுபத்தியிடம் வந்ததும் சற்றுத் தயங்கி, எனக்காக மன்னிப்புக் கேட்கிறவர்போலச் சொன்னார். தரையில் ஒரு பொந்து இருந்திருந்தால் நான் புகுந்திருப்பேன்.

“இவை தபாலில் போடப்படவில்லையா?” என்றார் அதிகாரி.

“இல்லை” என்றேன்.

“நல்லது” என்றார். (என் எழுத்துக்குக் கிடைத்த முதலும் கடைசியுமான விமர்சனம் அது.)

பிறகு நீலக் கடிதங்களைப் பெரியவர் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். மழை. மழை. பனி. மழை. அதிகாரி மரகதத்திடம் திரும்பினார். “இவற்றில் அன்பாக ஒரு சொல்கூட இல்லையே. இவர் உங்கள்மேல் அக்கறை உள்ளவர் என்று எப்படித் தெரியும்?”

மரகதம் யோசிக்கவே இல்லை. “கல்யாணத்தப்போ எனக்கு இருமல் இருந்திச்சி. முப்பத்தியொரு லெட்டர்லயும் கடைசி வரி பாருங்க. ‘இருமல் எப்படி இருக்கிறது’ன்னு கேட்டிருக்காரு. அது நின்னு ஒரு வருசமாச்சி. நான் பதில்ல எழுதியும், இவர் கேக்கறத நிறுத்தல.”

பெரியவர் அதை மொழிபெயர்க்கும்போது குரல் கொஞ்சம் மாறியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மை என்னவென்றால், கடைசி வரியில் வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரிந்ததில்லை. ஆனாலும், எழுதும் ஒவ்வொரு தடவையும் அவள் இருமுவது மட்டும் காதில் கேட்கும். அதை நான் அந்த அறையில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஐந்து வாரம் கழித்து விசா வந்தது.

லண்டனில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, போன வருஷம் அவளுக்குக் கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை ஆங்கிலேயப் பையன். விருந்தில் நான் எழுந்து, என் மனைவி என் வாழ்க்கைக்கு ஒளி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். முன் வரிசையிலிருந்து மரகதம் கணீரென்று கேட்டாள். “இதுக்கு ஸ்டாம்பு ஒட்டியாச்சா?”

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்த உறவினர் பக்கம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். நான் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். மரகதம் எழுந்து, ஆங்கிலத்தில், புளியமரங்களின் எண்ணிக்கையை நாற்பதாக்கி, முழுக் கதையையும் சொல்லி முடித்தாள்.

மாப்பிள்ளை அதை ரொம்பக் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும். என் மகளின் பிறந்த நாளுக்கு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு, வாழ்த்து அட்டையைத் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுத்தான் அனுப்பினான்.