நான்கு நிமிட அங்கீகாரம்

‘நீ யார்?’ என்ற கேள்விக்கு விடை தேடி ஞானிகள் வாழ்நாளையே செலவழித்திருக்கிறார்கள். காட்டுக்குப் போனார்கள், கண்ணை மூடினார்கள், சாப்பாட்டை விட்டார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் நிறுவனம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான்கே நிமிடத்தில் விடை கண்டது. அதில் ஒரு நிமிடம் புரொஜெக்டர் வயரைத் தேடியதில் போயிற்று என்பதையும் வரலாற்று நேர்மை கருதிக் குறிப்பிடுகிறேன்.

எங்களுடையது ரத்தப் பரிசோதனைக் கூடம். ஊரெங்கும் ஒன்பது கிளைகள். நான் அதன் ‘தர உறுதி மற்றும் ஆவணப் பிரிவின்’ அதிகாரி. பிரிவு என்றால் நான், ஒரு பீரோ, ஒரு முத்திரை. மற்றவர்கள் செய்த வேலையின் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவது என் பணி. பதினொரு ஆண்டுகளில் ஒருமுறைகூட எதையும் சரிபார்த்து நிறுவனத்தின் நேரத்தை நான் வீணாக்கியதில்லை.

இந்த வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தவர் என் அண்ணி. கணினிப் பிரிவின் மூத்த நிரலாளர். மாடியில் அவர்கள் குடித்தனம், கீழே எங்கள் குடித்தனம். வீட்டில் அவருக்கு நான் ‘தம்பி’, அலுவலகத்தில் ‘சார்’. ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ஆனா மேடம்’. எந்தக் கூட்டத்திலும் எல்லாரும் கைதட்டி ஓய்ந்த பிறகு, “ஆனா…” என்று ஆரம்பிப்பார். ஒரு நல்ல கூட்டத்தைக் கெடுக்க இந்த இரண்டெழுத்தே போதும்.

நோயாளிகள் தங்கள் முடிவுகளை இணையதளத்திலேயே பார்க்க வேண்டும் என்று எங்கள் தலைமை நிர்வாகி ஆசைப்பட்டார். அண்ணி மூன்று மாதம் கேட்டார்.

“அதுல பாதி லாகின் வேலைக்கே போயிடும் ஐயா. யார் வர்றாங்கன்னு பாக்கணும். வந்தவங்க எதைப் பாக்கலாம்னு பாக்கணும்.”

“பாக்கணும் பாக்கணும்னே இருந்தா எப்பம்மா முடிக்கிறது?” என்றார் தலைமை நிர்வாகி.

நியாயமான கேள்வி. அதற்கு விடையாகத்தான் மறு வாரமே ‘டிஜிட்டல் மாற்ற ஆலோசகர்’ வந்து சேர்ந்தார். கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கோடு ஜெனரேட்டர் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்.

“டீசல் எவ்வளவு குடிக்கும்?” என்று கேட்டார் தலைமை நிர்வாகி.

“இது அந்த ஜெனரேட்டர் இல்ல சார். லாகின் வேணும்னு ஒரு வரி அடிச்சா போதும், மொத்த புரோகிராமையும் அதுவே எழுதிடும்.”

“மொத்தத்தையுமா?”

“மொத்தத்தையும். ஆள் வேண்டாம், அறிவு வேண்டாம்.”

இரண்டாவதைக் கேட்டபோது தலைமை நிர்வாகியின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்தது.

கூட்ட அறையில் விளக்கை அணைத்தோம். திரையில் கறுப்புப் பலகை. ஆலோசகர் ஒரு வரி அடித்தார். ஜெனரேட்டர் ஆங்கிலத்தில் கேள்விகள் கேட்கத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் அவர் என்டர் தட்டினார். கேள்வியைப் படித்துவிட்டுத் தட்டும் வழக்கம் அவரிடம் இல்லை.

“என்னப்பா கேக்குது?”

“தெரியல சார். ஆனா எல்லாத்துக்கும் பதில் அதுலயே போட்டிருக்கு. நாம ஆமோதிச்சா போதும்.”

இதைவிடச் சிறந்த நிர்வாக முறையை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் இயக்குநர் குழுக் கூட்டங்களும் இப்படித்தான் நடக்கின்றன.

பன்னிரண்டாவது கேள்வியில் நெட் சற்று இழுத்தது. அந்த இடைவெளியில் அண்ணி அதைப் படித்துவிட்டார்.

“ஐயா, ‘ஒருத்தர் ரிப்போர்ட்டை இன்னொருத்தர் பாக்காம தடுக்கணுமா’ன்னு கேக்குது.”

“பதில் என்ன போட்டிருக்கு?”

“‘வேண்டாம்’னு இருக்கு.”

“அப்ப வேண்டாம். அதைச் செஞ்சவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?”

ஆலோசகர் என்டர் தட்டினார்.

நான்காம் நிமிடத்தில் பக்கம் வந்தது. பயனர் பெயர், கடவுச்சொல், மழுங்கிய முனைகளோடு ஒரு நீலப் பொத்தான். தலைமை நிர்வாகிக்குக் கண் கலங்கியது. லாகினுக்குத் தமிழில் ‘அங்கீகாரம்’ என்று பெயராம். அண்ணி பதினைந்து வருடமாகக் கேட்டும் கிடைக்காத அது இணையதளத்துக்கு நான்கு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. பொத்தான் நீலமா பச்சையா என்பதை மட்டும் முடிவு செய்ய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சில விஷயங்களில் அவசரப்படக் கூடாது.

அதோடு நிற்கவில்லை. தான் எழுதியதைச் சோதிக்க இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளையும் ஜெனரேட்டரே எழுதி, தானே அவற்றை எதிர்கொண்டு, எல்லாவற்றிலும் தேறியது. திரை முழுக்கப் பச்சை. கேள்வித்தாள், விடைத்தாள், திருத்தும் கை மூன்றும் ஒன்று. நான் படித்த பள்ளியில் இந்த வசதி இருந்திருந்தால் இன்று வேறெங்கோ இருந்திருப்பேன்.

கைதட்டல் அடங்கியது.

“ஆனா…” என்றார் அண்ணி.

எழுந்து போய்த் தன் பெயரில் உள்ளே நுழைந்தார். அவருடைய ரிப்போர்ட் வந்தது. திரையின் உச்சியில் இணைய முகவரியின் கடைசியில் ஓர் எண்: 4417. அதை அழித்து 4402 என்று அடித்தார். அவ்வளவுதான் செய்தார்.

திரையில் தலைமை நிர்வாகியின் பெயரும், அதன் கீழ் முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற ரத்தச் சர்க்கரை அளவும் வந்து நின்றன. ஊழியர் நலக் கூட்டங்களில் ‘நான் சர்க்கரையை விட்டு ஆறு வருஷம் ஆச்சு’ என்று முழங்குபவர் அவர். சர்க்கரை அவரை விடவில்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“அதை மூடும்மா.”

“மூட முடியலங்கிறதுதான் ஐயா பிரச்சினை.”

ஆலோசகர் பதறவில்லை. “சார், நீங்க கேட்டது லாகின். அதாவது ‘நீ யாரு’ன்னு கேக்கணும். கேட்டுச்சா இல்லையா? ‘நீ எதைப் பாக்கலாம்’ங்கிறது வேற விஷயம். அது ரெண்டாம் கட்டம்.”

“ரெண்டாம் கட்டம் எப்ப?”

“முதல் கட்டம் வெற்றி அடைஞ்சதும்.”

தலைமை நிர்வாகி யோசித்தார். “நம்பரை மாத்திப் பாக்கணும்னு யாருக்குய்யா தோணும், இந்த அம்மாவைத் தவிர?”

யாருக்கும் தோன்றாது என்று கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. கோப்பு என் மேசைக்கு வந்தது. பின்னாலேயே அண்ணியும் வந்தார். அலுவலகத்தில் முதல்முறையாக என்னைத் ‘தம்பி’ என்றார்.

“தம்பி, கையெழுத்து மட்டும் போடாதீங்க. ஊர்ல எத்தனை பேரோட ரத்தம் நம்மகிட்ட இருக்கு தெரியுமா?”

“இருநூத்திப் பன்னிரண்டும் பச்சையா இருக்கே மேடம்,” என்று சொல்லி முத்திரையைக் குத்தினேன்.

மூன்று வாரம் தளம் அமோகமாக ஓடியது. நான்காம் வாரம் ஓர் இளம்பெண் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். ஏதோ சூப்பர் மார்க்கெட்டின் பில் கவுன்டரில் வேலையாம். அந்தச் சீருடையோடு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“என் ரிப்போர்ட்டை எங்க சூப்பர்வைசர் எப்படி சார் பார்த்தார்?”

“பார்க்க வாய்ப்பே இல்லையேம்மா. லாகின் இருக்கே. பொத்தானைப் பார்த்தீங்களா, பச்சையா?”

“கடையில எல்லாரையும் செக்கப்புக்கு இங்க அனுப்பினாங்க. நான் என் காசுல இன்னொரு டெஸ்ட்டும் சேர்த்து எடுத்தேன். எனக்கு முந்தின நம்பர் அவரோடது. சும்மா நம்பரை மாத்திப் பார்த்தாராம். அவரே சிரிச்சுக்கிட்டுச் சொன்னார்.”

“உங்க கடவுச்சொல்லை யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“கடவுச்சொல்லா? நான் உண்டாயிருக்கிறதையே என் புருஷன்கிட்ட இன்னும் சொல்லல சார். மூணு வருஷமா காத்துக்கிட்டிருந்தோம். ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. அன்னிக்குச் சொல்லலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள சூப்பர்வைசர் அவருக்கே போன் பண்ணி வாழ்த்துச் சொல்லிட்டார். எனக்கும் சொன்னார். ‘நின்னுக்கிட்டே பாக்குற வேலை, உன் உடம்புக்கு ஆகாது, ஒண்ணாந்தேதியிலேர்ந்து வர வேண்டாம்’னார்.”

இத்தகைய தருணங்களுக்கென்றே எங்களிடம் ஒரு நடைமுறை உண்டு. “புகாரை எங்க தளத்துலயே பதிவு பண்ணலாம்மா. லாகின் பண்ணி உள்ள போனீங்கன்னா ஒரு படிவம் இருக்கும்.”

அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

“அதையும் எல்லாரும் படிப்பாங்களா சார்?”

படிவம் அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத் தயாரிக்கப்பட்டதல்ல. அவரே கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நிர்வாகம் அலட்சியமாக இருந்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது. மறுநாளே விசாரணைக் குழு அமைத்தோம். தலைவர் தலைமை நிர்வாகி. உறுப்பினர் ஆலோசகர். செயலாளர் நான். வெளியாரைச் சேர்த்தால் ரகசியம் கசியும் என்பதால் சேர்க்கவில்லை.

“இதை எழுதினது யாரு?” என்றார் தலைவர்.

“ஜெனரேட்டர் சார்.”

“அதுக்கு மெமோ குடுக்கலாமா?”

“வாங்கிக்காது சார். பதில் வேணும்னா அதுவே எழுதிக்கும்.”

“சோதிச்சது?”

“அதுவும் ஜெனரேட்டர்தான்.”

“சரிபார்த்தது?”

நான் கோப்பைப் புரட்டினேன். நல்ல வேளையாக ஆலோசகர் குறுக்கிட்டார்.

“சார், நாம பாக்க வேண்டியது அதை இல்ல. அடுத்தவங்க ரிப்போர்ட்டை அனுமதி இல்லாம பார்த்தது யாருங்கிறதுதான். வெளியாளுங்க பார்த்ததைக் குறிச்சு வைக்கிறது ரெண்டாம் கட்டம். ஆனா நம்ம ஸ்டாஃப் பார்த்தா பதிவாகும்.”

“எத்தனை பேர் பதிவாகியிருக்காங்க?”

“ஒருத்தர்தான் சார். 4417-லேர்ந்து 4402-க்குப் போயிருக்காங்க. செவ்வாய்க்கிழமை, பதினொன்னே முக்கால்.”

நாங்கள் மூவரும் அந்த அறையில்தான் இருந்தோம், திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்பது உண்மையே. ஆனால் சாட்சியை விட ஆவணம் பெரிது. இதை என் பிரிவே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

அறிக்கையை நான் எழுதினேன். ‘தளத்தில் குறை இருப்பது நிர்வாகத்துக்கு முன்கூட்டித் தெரியாது. தலைமை நிர்வாகியின் அந்தரங்க மருத்துவத் தகவலை அனுமதியின்றிப் பார்த்த மூத்த நிரலாளர் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.’ அண்ணி அதை நின்றபடியே படித்தார். ஒற்றுப்பிழை ஒன்றைப் பேனாவால் திருத்திவிட்டு வாங்கிக்கொண்டார்.

மாலையில் வீட்டு வாசலில் என்னை நிறுத்தினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“தம்பி, அந்தப் பொண்ணோட போன் நம்பர் இருக்கா?”

“அது நோயாளியோட ரகசியத் தகவல் அண்ணி. தர முடியாது.”

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். படியேறிப் போகும்வரை சிரித்தார். மேலே கதவைச் சாத்திய பிறகும் கேட்டது. போகப் போக அது சிரிப்பு மாதிரி இல்லை. அண்ணன் என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. அண்ணி மட்டும் சூப்பர் மார்க்கெட் வாசலில் மூன்று நாள் நின்று அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டாராம். இருவரும் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் எங்கள் மீதும் கடை மீதும் புகார் கொடுத்திருப்பதாகக் கேள்வி. கையாலேயே எழுதிய பதினாறு பக்கப் புகார். எவ்வளவு பழைய முறை!

சென்ற வாரம் எனக்கு நெஞ்சில் லேசாக ஒரு வலி. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். எங்கள் கூடத்தில் ஊழியர்களுக்கு இலவசம். நான் காசு கொடுத்து, இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் உள்ள ஒரு சின்னக் கூடத்துக்குப் போனேன். அங்கே இணையதளம் கிடையாது. முடிவைக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

காத்திருப்போர் பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் தலைமை நிர்வாகி. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தார். இன்னொருவர் ஆலோசகர், முகத்துக்கு நேரே செய்தித்தாளைப் பிடித்திருந்தார், தலைகீழாக. நடுவில் இருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். மூவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எங்கள் தளம் எப்படிப்பட்டது என்று எங்கள் மூவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. ஒன்பது கிளைகளிலும் தினம் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களிடம் மட்டும்தான் சொல்லாமல் இருந்தோம்.