தேனடை எங்கே, ஆமையாரே?

ஒரு காட்டில் வெகுகாலம் சிங்கத்தின் வயிறுதான் சிறைச்சாலை. குற்றம் செய்தவர் உள்ளே போவார், வெளியே வரமாட்டார். இதனால் குற்றங்கள் குறைந்தது உண்மைதான். குடிமக்களும் கூடவே குறைந்துகொண்டு வந்தார்கள். ஆகவே புதிதாகப் பட்டத்துக்கு வந்த சிங்கம், "இனி யாரையும் தின்பதில்லை, திருத்துவோம்" என்று அறிவித்தது. ஒரு குகைக்கு மூங்கில் கதவு போட்டு, 'சீர்திருத்த இல்லம்' என்று பலகையும் மாட்டியது. காடே கைதட்டியது. தின்னமாட்டோம் என்று சொன்னால் யார்தான் கைதட்ட மாட்டார்கள்?

ஒருநாள் கரடியாரின் தேனடை களவு போனது. செந்நாய்ப் போலீஸ் பாய்ந்து வந்ததும் அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள். ஆமையாரும் ஓடினார். பார்த்தவர்களுக்கு அவர் நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது. பிடித்துக்கொண்டு போய் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

ஆமையாருக்குச் சிறை பெரிய தொல்லையாக இல்லை. பிறந்ததிலிருந்தே ஓட்டுக்குள் இருக்கிறவர். ஆனால் ஏரிக்கரை மணலில் அவர் மனைவி முட்டையிட்டு மூடி வைத்திருந்தாள். குஞ்சுகள் பொரிந்து தண்ணீருக்கு நடக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் கழுகு காத்திருக்கும். போன வருஷம் ஒன்றுகூடத் தண்ணீரைத் தொடவில்லை. இந்த வருஷம் குறுக்கே நிற்க அப்பன் வேண்டும். அதை நினைத்து நினைத்து அவர் அழுதார்.

யார் திருந்திவிட்டார்கள் என்று பார்த்து விடுதலை கொடுப்பது திருந்தினோர் குழு. அதன் தலைவர் யானையார்.

"செஞ்ச தப்புக்கு வருத்தப்படறீரா?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணுமே செய்யலீங்களே."

யானையார் பெருமூச்சு விட்டார். "இன்னும் திருந்தலை. உள்ளே கூட்டிட்டுப் போங்க."

கூட்டிப் போனவர் வார்டர் நரியார். அவரும் ஒரு காலத்தில் கைதிதான். அந்த இல்லத்தில் நன்றாகத் திருந்தியவருக்குப் பச்சைத் தலைப்பாகை கட்டி மற்றவர்களைக் காவல் காக்க வைப்பது வழக்கம். நரியார் அவ்வளவு அழகாகத் திருந்தியிருந்தார்.

"ஆமையாரே, நீர் என்ன ஆளய்யா! தப்பே பண்ணலைன்னு சொன்னா அவங்க எதைத் திருத்துவாங்க? அவங்க பிழைப்பையும் பார்க்கணுமில்ல?"

அடுத்த கூட்டத்தில் ஆமையார் கழுத்தை முழுசாக வெளியே நீட்டி, "நான்தான் எடுத்தேன், பாவி நான்!" என்று கதறினார். யானையாருக்கே கண் கலங்கிவிட்டது.

"நல்லது. தேனடை எங்கே, ஆமையாரே? எடுத்ததை ஒப்படைச்சாத்தான் விடுதலை. பரோல்ல போய்க் கொண்டு வாரும். நரி, நீ காவலுக்குப் போ."

ஆமையாருக்கு ஓட்டுக்குள் வியர்த்தது. எடுக்காததை எங்கேயிருந்து ஒப்படைப்பது? வெளியே வந்ததும் நரியார் ஒன்றும் கேட்காமல் நேராகக் கரடியாரின் குகைக்கே நடந்தார்.

"உள்ளே வலது பக்கம், பாறைக்குப் பின்னாடி. கரடி தூங்கற நேரம்தான், போய் எடுத்துக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் விடுதலைக்கு நான் ஒப்படைச்ச தேனடையும் இங்கேயிருந்துதானே வந்தது."

ஆமையார் நின்றுவிட்டார். இந்த முறை உண்மையாகவே நின்றார். "அடப்பாவி! அதுக்குத்தானா என்னைப் பிடிச்சாங்க?"

"அதனாலதான் துணைக்கு வந்திருக்கேன். எனக்கும் மனசாட்சி இருக்குல்ல?"

கடிக்க வேண்டும்போல் இருந்தது ஆமையாருக்கு. ஆனால் கழுகு நினைவுக்கு வந்தது. உள்ளே போனார். ஓட்டுக்குள் தேனடையை இழுத்துச் செருகிக்கொண்டு, செந்நாய்ப் போலீஸுக்கு வணக்கமும் சொல்லிக்கொண்டே திரும்பினார். திருடுவதற்கென்றே செய்த உடம்பு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

குழு தேனடையை ருசி பார்த்து, அசல்தான் என்று தீர்மானித்தது. மிச்சம் வைக்காமல் தீர்மானித்தது. ஆமையார் திருந்தியதாக அறிவித்தார்கள்.

வாசலில் எதிரே ஒரு நத்தையை இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். "தேனடையை நான் பார்த்ததுகூட இல்லீங்க! ஓடிக்கிட்டுத்தான் இருந்தேன்!" என்று அது அலறியது.

ஆமையார் அருகே போனார். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதைத்தான் ஏற்கெனவே சொல்லி, அழுது, விடுதலையும் வாங்கியாயிற்று. நத்தையின் காதோரம் குனிந்தார். "தம்பி, முதல் நாளே ஒத்துக்கோ. வலது பக்கம், பாறைக்குப் பின்னாடி."

குஞ்சுகள் பொரியும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார். கழுகு வட்டமிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எல்லாக் குஞ்சுகளும் தண்ணீரில் இறங்கின. ஒன்று மட்டும் திரும்பிக் கேட்டது.

"அப்பா, என்ன தப்பு செஞ்சு உள்ளே போனீங்க?"

"உள்ளே போறதுக்கு ஒண்ணும் செய்யலைடா. வெளியே வர்றதுக்குத்தான் செஞ்சேன்."

நீதி: செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு கிடையாது. ஆகவே எதற்கும் ஒன்றைச் செய்து கைவசம் வைத்திருங்கள்.