நீலத் தவளைக்கு அரசு உரை

பொழிப்பூர் என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம். தேடினால் அதற்கும் ஒரு விசாரணை நடக்கும். அங்கே அரசு உரை இல்லாமல் ஒரு வரிகூடப் பொதுவெளிக்கு வரக் கூடாது. ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்ற பலகைக்குப் பக்கத்திலும் பதவுரை தொங்கும். குப்பை அதன் அடியில் கிடக்கும்.

அந்த நாட்டில் மாசாணம் என்ற ராக் பாடகன் கிட்டாரை அலறவிட்டு இப்படிப் பாடித் தொலைத்தான்:

நீலத் தவளை நிலாவைக் குடிக்குது
என் செருப்புக்குள்ளே ரயிலு ஓடுது

இளைஞர்கள் தலைவிரித்து ஆடினார்கள். ஒருவரும் பொருள் கேட்கவில்லை. உரைத்துறைக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

தலைமை உரையாசிரியர் அம்பலவாணர் மூன்று மாதம் ஆராய்ந்து, நிலா என்பது மன்னர், தவளை என்பது எதிரி என்று கண்டறிந்தார். தவளைகளை ஒழிக்க ஆணை பிறந்தது. தவளை போனதும் கொசு பெருகியது. வீட்டுக்கு இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தார்கள். செருப்புக்குள் ரயில் என்றால் நாட்டைவிட்டு ஓடும் சதி என்று உரையின் இரண்டாம் தொகுதி சொன்னது. செருப்புக்கும் தடை. காய்ச்சல்காரர்கள் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு மருத்துவமனைக்கு நடந்தார்கள்.

கடைசியில் மாசாணத்தைப் பிடித்து வந்தார்கள். ராஜத்துரோகத்துக்கு ஆயுள் தண்டனை.

“ஐயா, அதுக்கு அர்த்தமெல்லாம் இல்லீங்க. கண்ணை மூடினேன், தெரிஞ்சுது, பாடினேன்” என்றான் அவன்.

“பாடியவருக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை” என்றார் அம்பலவாணர்.

இதற்குள் தேர்தல் வந்துவிட்டது. மன்னரிடம் மக்களுக்குச் சொல்ல வாக்குறுதி மிச்சமில்லை. சாலை, தண்ணீர், வேலை எல்லாவற்றையும் போன மூன்று தேர்தல்களிலேயே சொல்லித் தீர்த்திருந்தார். அவர் மாசாணத்தைத் தனியே அழைத்து, ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தால், ஜெயித்த மறுநாள் விடுதலை என்றார். அவனும் கண்ணை மூடி, தெரிந்ததை எழுதிக் கொடுத்தான்.

“உங்கள் ஒவ்வொரு கூரைக்கும் ஒரு கடல் வரும். மேகத்துக்குக் கதவு வைப்போம். உங்கள் நிழலுக்கும் நிழல் தருவோம்” என்று மன்னர் மைதானத்தில் முழங்கினார். கைத்தட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. உரைத்துறைக்கு அன்று விடுமுறை. மன்னர் அமோகமாக ஜெயித்தார். சொன்னபடி மாசாணத்தை விடுவிக்கவும் செய்தார்.

சிறையைவிட்டு வெளியே வந்தவன் வீதியிலேயே நின்றுவிட்டான். பார்த்த வீட்டிலெல்லாம் ஏணி சாய்ந்திருந்தது. காய்ச்சல் உடம்போடு ஜனங்கள் கூரையேறிப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எழுதியது நான்தான், அதற்கு ஒரு பொருளும் கிடையாது, இறங்கி வாருங்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சினான்.

ஒரு கூரையிலிருந்து துடைப்பமும் கையுமாக ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“எழுதினது நீங்கதானா? அப்ப உங்களுக்குத் தெரியும். கடல் காலையில வருமா, சாயங்காலமா?”