பால்நோட்டு அண்ணாச்சி

செகந்திராபாத் தமிழர்களில் பாதிப் பேர் எத்தனை மாதம் தாய்ப்பால் குடித்து வளர்ந்தார்கள் என்பதை அறிந்த ஒரே மனிதர் எங்கள் பால்நோட்டு அண்ணாச்சிதான். எஞ்சிய பாதிப் பேர் அவரிடம் இன்னும் இரத்தம் கொடுக்க வரவில்லை, அவ்வளவே.

மெட்டுகுடாவில், இரயில்வே குடியிருப்புக்குப் பின்புறச் சந்தில், ஒற்றை அறையில் இயங்கும் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று உண்டு. அதில் இரத்தம் எடுப்பவர் அவர். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். அதை எவரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று தலைமுறைக்கு முன் திருநெல்வேலியிலிருந்து இரயில்வே வேலைக்காக வந்து தங்கிய குடும்பம். ஆகவே 'அண்ணாச்சி' அவருடைய பிறப்புரிமை. 'பால்நோட்டு' அவர் உழைத்து ஈட்டியது.

காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடும் வெறுத்த முகத்தோடும் ஒரு வரிசை அங்கே காத்திருக்கும். அண்ணாச்சி ஒவ்வொருவருடைய கையிலும் இரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியை எடுப்பார். அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரின் பக்கம் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்பார்:

"அம்மா பாலா, டப்பா பாலா? எத்தன மாசம்?"

கிடைத்த விடை ஒரு நீண்ட நோட்டில் ஏறும். பெயர் எழுத மாட்டார். ஒருவருடைய இரத்தத்தைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவது பாவம் என்பது அவருடைய கொள்கை. 'கனத்த உடம்பு, தங்கப் பல், ஒன்பது மாதம்' என்றுதான் குறிப்பு இருக்கும். மறுநாள் சர்க்கரை அளவு அதன் அருகே வந்து அமரும். தங்கப் பல்லுக்கு உரியவர் யார் என்பதை அண்ணாச்சியின் தலை மட்டுமே அறியும்.

இந்த ஆராய்ச்சிக்கு வித்திட்டது எங்கள் சபையில் நடந்த மருத்துவ முகாம். அங்கே பேசிய மருத்துவ அம்மையார், குழந்தை முதல் சில மாதங்களில் எதைக் குடித்து வளர்கிறது என்பதற்கும், பின்னாளில் அதன் உடல் எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று உரையின் முற்பாதியில் விளக்கினாராம். இருக்கக்கூடுமே தவிர அதுவே விதியன்று, இடையில் உணவு, உழைப்பு, பரம்பரை, வீட்டு நிலைமை என எத்தனையோ உண்டு என்று பிற்பாதியில் விளக்கினாராம். பிற்பாதியின்போது அண்ணாச்சி தேநீர் வழங்கும் பொறுப்பை ஏற்று வெளியே இருந்தார்.

அவருடைய கேள்விக்கு நேரடியாக விடை சொல்லும் ஆற்றல் மனிதர்களுக்கு இல்லை என்பது அதில் இருந்த பெருஞ்சிக்கல். தான் குடித்தது எதுவென்று யாருக்கு நினைவிருக்கும்? ஆகவே ஐம்பது வயதுக்காரர்கள், கையில் பஞ்சை அழுத்தியபடி, ஊரில் இருக்கும் எண்பது வயதுத் தாயாரைத் தொலைபேசியில் அழைப்பார்கள். இரயில்வேயில் பெரும்பதவி வகித்த ஒருவர், அவர் நடந்துவந்தால் நடைமேடையே ஒதுங்கும் என்பார்கள், அப்படித்தான் ஒருநாள் அழைத்தார். காது கேளாத தாயாருக்காக ஒலிபெருக்கியை இயக்கியிருந்தார். மறுமுனை, வரிசை முழுவதும் கேட்கும்படி, "ஒனக்குப் பல்லு சீக்கிரமே மொளச்சிட்டுல்லா, கடிச்ச, நிறுத்திட்டேன்" என்றது. அதன் பிறகு அந்த அதிகாரியின் முடிவுத்தாள்களை அவருடைய ஓட்டுநர்தான் வந்து வாங்கிச் சென்றார்.

கோயம்புத்தூரிலிருந்து புதிதாகக் குடிவந்த மென்பொருள் தம்பதியர் பெயரைக் கேட்டு ஏமாந்து, திங்கட்கிழமை முதல் நாளொன்றுக்கு இரண்டு பாக்கெட் பால் போடும்படி அவரிடம் சொல்லிவிட்டனர். அண்ணாச்சி முதலில் இருவரின் மழலைப் பருவத்தையும் விசாரித்து நோட்டில் ஏற்றிக்கொண்டார். பிறகு, கேட்டவர்களிடம் இல்லையென்று சொல்ல மனம் வராமல், ஒரு வாரம் கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். உண்மை தெரிந்தபோது அந்தப் பெண் வெட்கத்தில் கண்கலங்கியதாகவும், அவர் அவளுடைய ஹீமோகுளோபின் குறைவைப் பற்றி வருந்தியதாகவும் கேள்வி.

எங்கேனும் குழந்தை பிறந்தால் போதும், மறுநாள் மாலை அவர் அங்கே இருப்பார். தொட்டிலுக்கு அருகில் சர்க்கரைத் தண்ணீரோ தேன் குப்பியோ தென்பட்டால் "நக்கோ, நக்கோ" என்று ஐதராபாத் உருதுவில் வேண்டாமென்றபடி எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்துவிடுவார். அவரைவிடக் குள்ளமான அத்தைமார்கள் முக்காலியைத் தேடுவார்கள்.

இவையெல்லாம் நகைப்போடு முடிந்திருக்கும். ஆனால் எங்கள் சபையாருக்கு ஜாதகம் பார்க்கும் வழக்கம் இல்லை. பெண்ணைப் பெற்றவர்களுக்கோ எதையேனும் பார்க்காவிட்டால் உறக்கம் வருவதில்லை. படிப்பு, சம்பளம், சபை ஆகியவற்றை விசாரித்து முடித்த பிறகும் மனத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில் பால்நோட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. யாரோ ஒரு தந்தை, மாப்பிள்ளையின் சம்மதத்தோடு, "பையன் எத்தனை மாதம்?" என்று அண்ணாச்சியிடம் கேட்டுத் தொலைத்தார். அடுத்த தந்தை தானும் கேட்காவிட்டால் பொறுப்பற்றவன் என்பார்களோ என்று அஞ்சினார். மூன்றாமவர் கேட்டபோது அது மரபாகிவிட்டது. "எனக்குக் கைக்கு இந்த வேல?" என்று, 'எதற்கு' என்பதற்கும் உருதுவையே கடன் வாங்கி அண்ணாச்சி புலம்பியதை எவரும் பொருட்படுத்தவில்லை.

அந்த மரபு ஒருநாள் என் வீட்டுக் கதவையும் தட்டியது.

அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் நானும் கிரேஸும் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். திருமணம் செய்துகொள்வது என்று நாங்கள் முடிவெடுத்திருந்தோம். அவளுடைய தந்தை சாமுவேல் இன்னும் எடுக்கவில்லை. அல்வாலில் வசித்த அவர் இராணுவப் பண்டகசாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எதையும் சரிபார்க்காமல் உள்ளே ஏற்காத தொழில் அவருடையது. அவர் மூன்று ஆண்டுகள் தாய்ப்பால் குடித்தவர் என்பது அவருடைய வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். என் படிப்பையும் சபையையும் ஏற்றுக்கொண்டவர், பால்நோட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். அவருடைய மனைவி ரோஸ்லின் அம்மாள், எழுதுவானேன், அந்த அண்ணாச்சியையே ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள் என்றார். அது தேவையில்லை என்று சாமுவேல் திடீரெனப் பதறியதன் காரணம் அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

என் நிலை இது. பிறந்த பத்தாம் நாள் என் தாயாருக்கு டைபாய்டு கண்டது. பதினோராம் நாளிலிருந்து நான் டப்பாப் பால். இதை என் அம்மா முப்பது ஆண்டுகளாக உறவினர் எவரிடமும் சொன்னதில்லை. நான்தான், ஒரு காய்ச்சலின்போது, கை நீட்டிய மயக்கத்தில் அண்ணாச்சியிடம் சொல்லித் தொலைத்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை அவரிடம் ஓடினேன். பத்து நாள் என்பதை ஆறு மாதம் என்று திருத்தினால் ஒரு குடும்பம் வாழும் என்று மன்றாடினேன்.

"இன்னைக்கு இத மாத்தச் சொல்லுவ. நாளைக்கு ஹீமோகுளோபின மாத்தச் சொல்லுவ" என்றார் அண்ணாச்சி. "நான் வாரேன் தம்பி. கேட்டா உள்ளதச் சொல்லுவேன். கேக்காததச் சொல்ல மாட்டேன். அதுக்கு மேல நம்ம கையில ஒண்ணும் இல்ல."

ஞாயிறு ஆராதனை முடிந்து நானும் அம்மாவும் அண்ணாச்சியும் பேருந்தேறி அல்வால் சென்றோம். வழி நெடுக அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் நின்ற சாமுவேல், வாழ்வில் முதன்முறையாகக் காண்பவரைப் போல, "ஸ்தோத்திரம் பிரதர்" என்றார். அண்ணாச்சி அவருடைய முகத்தை நோக்கினார். பிறகு, தொழிற்பழக்கத்தால், முழங்கையின் உட்புறத்தை நோக்கினார். பிறகு "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியின் விளிம்பில் அமர்ந்துகொண்டார்.

தட்டு நிறைய லட்டு வந்தது. சாமுவேல் ஒன்றை உண்டபடி, சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் வரை தாம் தாய்ப்பால் குடித்ததையும், இன்றுவரை ஒரு மாத்திரையையும் தொடாததையும் எடுத்துரைத்தார். பிறகு என்னைப் பற்றிய விவரம் கேட்டார். அண்ணாச்சி நோட்டைத் திறந்தார்.

"பத்து நாள் தாய்ப்பால். அதுக்கப்புறம் டப்பா."

அம்மா தரையைப் பார்த்தார். கிரேஸ் என்னைப் பார்த்தாள். சாமுவேல் தீர்ப்பு எழுதப்போகும் நீதிபதியைப் போல நாற்காலியில் சாய்ந்து, ஆழ்ந்து மூச்சுவிட்டு, இரண்டாவது லட்டுக்குக் கை நீட்டினார்.

அப்போது அது நிகழ்ந்தது. அண்ணாச்சியின் இடக்கை, அவரைக் கேளாமலேயே புறப்பட்டுப்போய், தட்டைச் சாமுவேலுக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தது.

ரோஸ்லின் அம்மாள் தட்டையும் கையையும் கணவரையும் வரிசையாகப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர ஒங்களுக்கு முன்னமே தெரியுமா அண்ணாச்சி?"

பொய் சொல்லக்கூடாது என்ற கொள்கையும், இரத்த இரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற கொள்கையும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட அந்த வேளையில் அண்ணாச்சி அடைந்த வேதனையை விவரிக்க இயலாது. மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"எனக்குப் பேர் எழுதுற வழக்கம் இல்லம்மா."

"சனிக்கெழம ஒங்க லேப் உண்டா?"

கேள்வி பொதுவானது என்பதால் அவருக்கு உயிர் வந்தது. "ஹவ் அம்மா, உண்டு. சனிக்கெழமதான் கூட்டம்."

"வெறும் வயித்தோட வரணுமோ?"

"ஹவ். தண்ணி மட்டும் குடிக்கலாம்."

ரோஸ்லின் அம்மாள் மெல்லத் திரும்பினார். இரண்டு ஆண்டுகளாக, இரண்டு மாதங்களுக்கு ஒரு சனிக்கிழமை, சாமுவேல் காப்பிகூடக் குடிக்காமல் விடியற்காலையில் மெட்டுகுடாவுக்குப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தார். கணவரின் பக்தி வைராக்கியத்தைப் பற்றி அந்த அம்மாள் பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருந்தார்.

"உபவாச ஜெபம்னு சொன்னீங்களே."

சாமுவேல் எட்டாத தூரத்தில் இருந்த லட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெபமும் பண்ணினேன் ரோஸ்லின்" என்றார். "இவர் ஊசி குத்துற வரைக்கும் ஜெபம்தான்."

முதலில் சிரித்தவள் கிரேஸ். ரோஸ்லின் அம்மாள் சிரிக்கவில்லை. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சாமுவேல் சொன்னார். மாத்திரைக்கு அஞ்சி எந்த மருத்துவரிடமும் போகவில்லை என்பதையும் சொன்னார். அந்த அம்மாள் எழுந்து தட்டைச் சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

பண்டகசாலையில் ஒரு பெட்டி காணாமற்போனதைக் கண்டவரைப் போலச் சாமுவேல் அண்ணாச்சியிடம் திரும்பினார். "அப்ப அந்த மூணு வருஷம், பிரதர்?"

அண்ணாச்சி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அது நல்லதுதான் சார். யாரு இல்லன்னா? வண்டி டயத்துக்குக் கெளம்பினா நல்லதுதான? அதுக்காக வழியில சிக்னலே கெடையாதுன்னு அர்த்தம் இல்ல. லேட்டாக் கெளம்பி டயத்துக்குப் போய்ச் சேர்ந்த வண்டியும் நான் பாத்திருக்கேன். இந்த நோட்டு, கூட்டத்தப் பத்திக் கேட்டா ஏதோ கொஞ்சம் சொல்லும். ஒத்த ஆளப் பத்திக் கேட்டா முழிக்கும். வருஷக்கணக்கா எழுதினதுல நான் கண்டது அவ்வளவுதான்."

மருத்துவ அம்மையாரின் உரையில் அவர் கேட்கத் தவறிய பிற்பாதியை, தங்கப் பற்களும் கனத்த உடம்புகளும் சேர்ந்து அவருக்கு மெல்ல மெல்லச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

பிறகு அவர் என் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க டைபாய்டுல கெடந்தப்ப இந்தப் பிள்ளைய உசுரோட வச்சிருந்தது அந்த டப்பாதான்மா. அதையும் எழுதித்தான் வச்சிருக்கேன். தலையத் தூக்கி உக்காருங்க."

அம்மா தலையைத் தூக்கினார். சற்று நேரம் கழித்து, தாமாகவே, ரோஸ்லின் அம்மாளிடம் ஒரு காப்பி கேட்டார். முப்பது ஆண்டுகளில் பிறர் வீட்டில் அவர் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் குடித்த முதல் காப்பி அது என்று நினைக்கிறேன்.

மாலை மங்குவதற்குள் சாமுவேல் திருமணத்துக்குச் சம்மதித்தார். பேச்சை மாற்றுவதற்காகவே சம்மதித்தார் என்று கிரேஸ் இன்றும் சாதிக்கிறாள். மறுவாரம் அண்ணாச்சியே அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்று, ஊசிக்கு அஞ்சாதவர் மாத்திரைக்கு அஞ்சலாமா என்று வழியெல்லாம் கேட்டாராம்.

ஆண்டுகள் எட்டு ஆகிவிட்டன. என் மாமனாரும் மாமியாரும் இப்போது சேர்ந்தே வருகிறார்கள். பரிசோதனை முடிந்ததும் எங்கள் வீட்டில் இட்லி. கல்யாணத்துக்கு எவர் வந்து கேட்டாலும் அண்ணாச்சி நோட்டைத் திறப்பதில்லை. வரிசையில் நிற்பவர்களிடம் மட்டும் கேள்வி தொடர்கிறது.

கிரேஸின் அலுவலகம் நகரின் மேற்குக் கோடிக்கு மாறிவிட்டது. அமீர்பேட்டில் குடியேறினால் பாதிப் பயணம் மிச்சமாகும். நல்ல வீடுகளும் வந்தன. அண்ணாச்சி இருக்கும் மெட்டுகுடாவை விட்டு நாங்கள் நகரவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் இங்கே தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறோம். தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வருகிறது.