மொட்டை மாடிக்குப் போய் வரும் ரத்தம்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், அப்பா நலம், நான் வேலை பார்க்கும் சலவைக் கடையும் நலம். நீங்களும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நலமாக இருப்பீர்கள்.

நீங்கள் சிபாரிசு செய்த கிளினிக் வேலை எனக்குக் கிடைக்காது. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். "டாக்டர் ஒரே கேள்விதான் கேப்பாரு, இதயத்துல ரத்தம் எப்படி ஓடுதுன்னு. அதை மட்டும் படிச்சிட்டுப் போடி, எட்டாவதோட நின்னதை யாரும் கேக்க மாட்டாங்க" என்றீர்கள். பத்து நாள் படித்தேன். காலையில் மண்டையில் ஏறியது மதியம் இறங்கிவிட்டது. பதினோராவது நாள்தான் கவனித்தேன், எங்கள் கடையே ஓர் இதயம். அழுக்கு மூட்டை வலது முதல் அறைக்கு வருகிறது, அடுத்த அறையில் துவைபடுகிறது, மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்குகிறது, இறங்கி இடது முதல் அறையில் கட்டப்படுகிறது, அடுத்த அறையிலிருந்து வண்டியேறி ஊருக்குள் போகிறது. உடனே புத்தகப் படத்தைப் பார்த்து, முதல் அறைக் கதவுகளில் வலது ஆரிக்கிள், இடது ஆரிக்கிள் என்றும், அடுத்த அறைக் கதவுகளில் வலது வெண்ட்ரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள் என்றும் சாக்பீஸால் எழுதிவைத்தேன். படத்தில் இருக்கும் ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறானாம், அவனுடைய வலது நமக்கு இடதாம். இதை யாரும் முன்பே சொல்லாததால், கடையின் இடது பக்கக் கதவுகளில் 'வலது' என்று எழுதிவிட்டேன்.

வண்டிக்கார அண்ணன் வேலைக்குப் புதிது. "அழுக்கை வலது பக்கம் வைப்பா" என்று முதலாளியம்மா உள்ளிருந்து கத்த, அவர் கதவில் 'வலது' என்று இருந்ததைப் படித்து, அதே கிளினிக்கின் அழுக்கு மூட்டையை இடது பக்கம் வைத்துவிட்டார். கட்டியிருந்ததால் துவைத்தது என்று நினைத்து இஸ்திரி அக்கா அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டார். டாக்டரின் கோட்டோடு மூட்டை அன்றே துவைக்காமல் கிளினிக்குக்குத் திரும்பிப் போய்விட்டது.

"ஆரிக்கிள்னு எழுதியிருக்கே, என்னன்னு கேக்க மாட்டியா?" என்றார் முதலாளியம்மா.

"உங்க கம்பெனி பேருன்னு நெனச்சேம்மா."

மறுநாள் நேர்காணல். டாக்டரின் கோட்டுப் பையில் வாராவாரம் பேனா கசிந்த நீலக் கறை இருக்கும். அதைத் தேய்த்துப் போக்குவது நான்தான். அன்று அந்தக் கறை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அழுக்கு ரத்தம் வலது ஆரிக்கிளுக்கு வரும். கதவு திறந்து வலது வெண்ட்ரிக்கிளுக்குப் போகும். அங்கேருந்து மொட்டை மாடிக்கு..."

"எங்க?"

"நுரையீரலுக்கு டாக்டர். காத்து வாங்கிட்டு இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், அப்புறம் வண்டியில உடம்பு பூரா."

அவர் சிரிக்கவில்லை. "வலது பக்கத்து ரத்தம் நுரையீரலுக்குப் போகாம நேரா இடது பக்கம் போயிட்டா என்னம்மா ஆகும்?"

இது நான் படித்த பக்கத்தில் இல்லை. ஆனாலும் தெரிந்தது.

"உங்க கோட்டு மாதிரி ஆயிடும் டாக்டர்."

அவர் குனிந்து கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நீ போகலாம்" என்றார். வந்துவிட்டேன்.

ஆகவே சித்தி, இனி எனக்காக யாரிடமும் பேசி உங்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வாய் திறக்காதவரை நல்ல பெண்தான். சித்தப்பாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டாக்டரே கடைக்கு வந்தார். கதவுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "திங்கக்கிழமை வேலைக்கு வரும்போது எடுத்துட்டு வாம்மா" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "மொட்டை மாடி வழியா" என்றார். மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம்.