குடை எடுத்த 'அவர்கள்'

நாலே வரிக் கடிதம். காலை பத்து மணிக்கு உட்கார்ந்த மொழிபெயர்ப்பாளர், பத்தேகாலுக்கெல்லாம் இரண்டாவது வரியில் வசமாக மாட்டிக்கொண்டார்.

அது குடை செய்து விற்கும் கம்பெனி. இங்கிலீஷ் கடிதங்களை ஸ்பானிஷில் எழுதித்தர அவர் சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். இந்தக் கடிதம் நாலு மணிக்குள் பிழையில்லாமல் முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு. போன மாதம் ஒரு கடைக்கார அம்மாளை ஆணாக்கி எழுதிவிட்டதை மேனேஜரம்மா இன்னும் மறக்கவில்லை. இவரோ வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மச்சான் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார்.

கடிதம் இதுதான்: 'உங்களுக்காக வைத்திருந்த சாம்பிள் குடைகளைக் காணவில்லை. அவர்கள் எடுத்துவிட்டார்கள். நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.'

ஸ்பானிஷில் 'அவர்கள்' எல்லாரும் பெண்கள் என்றால் ஒரு சொல்; நடுவில் ஒரே ஒரு ஆண் நின்றாலும் வேறு சொல். 'நாங்கள்' என்பதும் அப்படியே. 'நீங்கள்' மட்டும் சிக்கலில்லை. பணம் கொடுக்கிறவருக்கு மரியாதை தானாக வந்துவிடும்.

பேச்சில் ஸ்பானிஷ்காரர்கள் இந்தச் சொற்களைப் பாதி நேரம் விழுங்கிவிடுவார்கள். இவரும் விழுங்கியிருப்பார். மேனேஜரம்மா விடவில்லை.

"நாங்கள், அவர்கள், ஒண்ணுகூட விடாம எழுதுங்க. சந்தேகம்னா ஆபீஸ்ல கேட்டுக்குங்க. நாலு மணி வரைக்கும் என்கிட்ட வராதீங்க."

கேட்பதில் அவர் சூரர். ஆபீசில் அவருக்குப் பெயரே 'சந்தேகம் சார்'. ஆள் யாரென்று தெரியாமல் அவர் பேனா ஓர் அங்குலம் நகராது.

முதலில் தையல் பிரிவு. "அக்கா, சாம்பிள் குடை எடுத்தவங்க எல்லாரும் பெண்கள்தானா?"

தையல் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "யார் சொன்னா?"

"லெட்டர்ல இருக்கு."

"நானும் என் தங்கச்சியும் ஆளுக்கு ஒண்ணுதான் எடுத்தோம் சார். அன்னைக்கு என்ன மழை, நீங்களே சொல்லுங்க."

ஆக, பெண்கள். சந்தோஷமாக எழுதினார். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று ஸ்டோர் ரூமுக்குப் போனார்.

"இதுல ஆம்பளை யாரும் இல்லையே?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதையாக, ஸ்டோர் கீப்பர் எழுந்து அலமாரியை மறைத்துக்கொண்டார். "சார், நான் பிள்ளைகுட்டிக்காரன். மூணே மூணு குடைதான்."

எழுதியதை அடித்தார். 'அவர்கள்' ஆணாயிற்று. சரி, 'நாங்கள்' யார்? துணை மேனேஜரைக் கேட்டால் ஆயிற்று.

"சார், கண்டுபிடிச்ச ஆளுங்கள்ல நீங்களும் உண்டா?"

"கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்ற துணை மேனேஜர் காரைத் திறக்க ஓடினார். டிக்கியில் ஏழு குடை இருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. 'நாங்கள்' வரிக்காக யாரிடம் போனாலும், அந்த ஆள் அங்கிருந்து நழுவி 'அவர்கள்' வரியில் போய் உட்கார்ந்துகொண்டார். டைப்பிஸ்ட் போனார், காவலாளி போனார், டிரைவர் இரண்டு குடையோடு போனார். மேனேஜரம்மா அறைக்கு வெளியே வரிசை நின்றது. ஒவ்வொருவர் தட்டும்போதும் கதவு அரையடி திறக்கும். ஒரு கை வெளியே வந்து குடையை வாங்கிக்கொண்டு உள்ளே போகும்.

மூன்றரை மணிக்கு 'நாங்கள்' வரியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். மேனேஜரம்மா, அப்புறம் இவர்.

அப்போதுதான் அவருக்கு அது நினைவுக்கு வந்தது. சேர்ந்த முதல் வாரம், ஒரு மழை நாள். ஸ்டோர் வாசலில் சாய்ந்திருந்த ஒரு குடை. இன்றைக்கும் அவர் மனைவி அதைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறாள்.

தன்னை 'நாங்கள்' என்று எழுதினால் பொய். 'அவர்கள்' என்று எழுதினால் வேலை போச்சு. மச்சான் முகம் கண்முன் வந்தது. ஆனால் தெரிந்தே தப்பாக ஒரு சொல்லை எழுத அவர் கை வரவில்லை. நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவைத் தட்டினார்.

"அம்மா, 'நாங்கள்'னு எழுத யாருமே மிச்சமில்லை. நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப நீங்க?"

"நானும்... அவங்களோடதான்மா."

அறை முழுக்கக் குடை. மேனேஜரம்மா மேசைமேல் இருந்த குடைக் கணக்குக் காகிதத்தில் கடைசியாக ஒரு கோடு போட்டார். கடிதத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை. வேறொரு தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். நிரந்தர உத்தரவு.

"நாளைக்கு அந்த நீலக் குடையைக் கொண்டுவந்துடுங்க," என்றார்.

கலரை எப்போது சொன்னோம் என்ற சந்தேகம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சந்தேகத்தைக் கேட்காமல் விழுங்கிக்கொண்டு, கடிதத்தை எழுதி முடித்து உறையில் போட்டு ஒட்டி வரவேற்பறைக்கு ஓடினார்.

"ஸ்பெயினுக்கு. இன்னிக்கே போகணும்மா."

வரவேற்பறைப் பெண் தலையை நிமிர்த்தாமலே கீழ் டிராயரை இழுத்தாள்.

"இதை எங்கயும் அனுப்ப மாட்டோம் சார். குடை காணாமப் போற வருஷமெல்லாம் அம்மா இதே நாலு வரியைத்தான் குடுப்பாங்க, போன தடவை இருந்த சார் பிரெஞ்சுல எழுதினாரு."