சவுனாவில் வியர்த்த மண்

மண்ணுக்கு வியர்க்குமா? எங்கள் லெப்பாலக்தியில் வியர்த்தது! சனிக்கிழமை தோறும் ஊரே வாளி வாளியாக மண்ணைச் சுமந்து சவுனா என்ற நீராவிக் குளியலறையின் வாசலில் வரிசை கட்டியது. உள்ளே, நீராவிக்கு நடுவில், இடுப்பில் ஒரு துண்டோடு மண் வைத்தியர் தைவாய்னென்! கொதிக்கும் கல்லில் தண்ணீரை ஊற்றுவார். பிர்ச் இலைக் கொத்தால் மண்ணை வெளுப்பார். பிறகு செம்பு ஊசலைத் தொங்கவிடுவார். இடமாகச் சுற்றினால் விஷம். வலமாகச் சுற்றினால் சுத்தம். கூலி, வாளிக்கு ஒரு புகையூட்டிய மீன்.

"மனுசன் அழுக்கு சவுனாவுல போகுது, மண்ணோடது போகாதா?" என்று கேட்டார். போதாதா? பின்லாந்துக்காரனுக்குச் சவுனா என்றால் சாமி.

விஷம் மட்டும் பொய்யில்லை. மூடிப்போன மர ஆலையில், பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பலகைகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்தவன் நான். கைத்தோல் உரிந்தது. சொட்டியதெல்லாம் மண்ணில் இறங்கியது. இப்போது பக்கத்து வீட்டு ஔனெயின் கிணற்றில் அதே நாற்றம். அவளுக்கு இரண்டு வயதில் குழந்தை.

மண்ணைத் தோண்டி அள்ளிப்போக நகராட்சி தயார். திங்கட்கிழமைக்குள் ஊரார் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் இயந்திரம் வேறு ஊருக்குப் போய்விடும். "தோண்டினா மண்ணு கோவிச்சுக்கும்" என்றார் வைத்தியர். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை.

"நீயுமா, ஔனெ?"

"மூணு தடவ வேக வச்சாச்சு, பெரியவரே. சுத்தம்னு ஊசல் சொல்லிருச்சு."

"கிணறு என்ன சொல்லுது?"

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை, இறுக மூடிய மூன்று வாளிகளோடு போனேன்.

"எதுல விஷம்னு சொல்லும்யா. மூடியத் திறக்கணுமா?"

"என் ஊசலுக்கு மூடி ஒரு தடையா?"

இரண்டாவது வாளிமேல் ஊசல் பேயாகச் சுற்றியது. "ஐயோ! ஆலை விஷம்! இதுக்கு ஏழு சவுனா வேணும்!"

மூடியைத் திறந்தேன். ஊர் மன்றத்தில் காப்பி போடும் ஹில்க்கா எட்டிப் பார்த்தாள்.

"அட, இது காலைல நான் போட்ட காப்பிச் சக்கை!"

"மூணு வாளியும் அதான்" என்றேன்.

"அடப்பாவி வைத்தியா, அந்த விஷத்தையா நீ ரெண்டு கோப்பை வாங்கிக் குடிச்ச?" என்றாள் ஹில்க்கா.

வைத்தியர் ஓடினார். வழியில் துண்டு நழுவியது. மீன் மூட்டை நழுவவில்லை.

ஔனெ பேனாவைக் கேட்டு வாங்கினாள். வாளி மூடிமேலேயே தாளை வைத்து முதல் கையெழுத்தைப் போட்டாள். அவள் பின்னால் மறுபடி ஒரு வரிசை.

மண்ணுக்கு வியர்க்காது, மக்களே. யோசிக்கிற தலைக்குத்தான் வியர்க்கும். கொஞ்சம் வியர்க்க விடுங்கள். அதற்கு மீன்கூடச் செலவில்லை.